கயிற்றின் மறுமுனையில் ஒரு பயந்தாங்கொள்ளி

எங்கள் தோட்டத்து டீ மேக்கர் ஐயாவைப் போலப் பயப்படத் தெரிந்த மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எல்லோரும்தான் பயப்படுகிறோம். ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு, மறைத்துக்கொண்டு, இருட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு பயப்படுகிறோம். அவர் அப்படியில்லை. பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, தலையை நிமிர்த்திக்கொண்டு பயப்படுவார். "எனக்குப் பயமா இருக்குடா" என்று அவர் சொல்லும்போது, மற்றவர்கள் "எனக்குச் சொந்தமா காணி இருக்கு" என்று சொல்லும் தோரணை அதில் இருக்கும்.

அரநாயக்க மலைக்கு மேலே எங்கள் தோட்டம். பஜாருக்கு இறங்கும் ரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவார். குடையை ஊன்றிக்கொண்டு மலையோரமாக நடந்தே வளைவைக் கடப்பார். பஸ் அந்தப் பக்கம் போய் அவருக்காக நிற்கும். நிற்காமல் என்ன செய்யும்? டிரைவர் வீட்டுக்கு மாதாமாதம் நல்ல தேயிலைத் தூள் போய்க்கொண்டிருந்தது.

"பஸ்ஸு உருண்டா நீங்க மட்டும் தப்பிக்கலாம்னு பாக்குறீங்களா ஐயா?" என்று ஒருமுறை கேட்டே விட்டேன்.

"பின்ன? ஒருத்தனாவது ஓடிப்போய் ஆளுகளக் கூட்டிட்டு வர வேணாமாடா?" என்றார். எதைக் கேட்டாலும் இப்படி ஒரு பதில் தயாராக இருக்கும்.

அவர் வேதக்காரர். கழுத்தில் சிலுவை தொங்கும். ஆனால் சட்டைப் பைக்குள் மாரியம்மன் கோவில் திருநீறும் பொட்டலமாக இருக்கும். மணிக்கட்டில் பன்சலைப் புத்த பிக்கு ஓதிக் கட்டிய வெள்ளை நூல். "எந்தச் சாமி எப்ப லீவுல போகும்னு நமக்கென்ன தெரியும்" என்பார். அட்டைக்குப் பயம், இடிக்குப் பயம், வேகமாகப் பேசுகிற பெண்களுக்குப் பயம். இவை எல்லாவற்றுக்கும் மேலே, எவரெஸ்ட் மாதிரி, உயரத்துக்குப் பயம். அந்த மனிதரைக் கொண்டுவந்து கடவுள் நாலு மாடி ஸ்டோருக்குப் பொறுப்பாக வைத்தார். கடவுளுக்கும் பொழுதுபோக வேண்டுமே.

ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. அதை நடத்துகிறவர்தான் டீ மேக்கர். எங்கள் ஸ்டோரின் முன்பக்கம் ரோடு. பின்பக்கம் செங்குத்தாக இறங்கும் தேயிலைச் சரிவு, அதற்கும் கீழே ஓடை. மேல்மாடிகளில்தான் கொழுந்தை வாடப் போடுவோம். நான் வேலை செய்தது அங்கே. அந்த மாடிகளைச் சுற்றிச் சுவரை விட ஜன்னல் அதிகம். ஒவ்வொரு ஜன்னலிலும் நடுவில் ஒரு கதவு திறக்கும். இரண்டு பக்கமும் திறக்காத கண்ணாடி. உள்பக்கத்தை எந்தக் குழந்தையும் துடைத்துவிடும். வெளிப்பக்கம்தான் வில்லங்கம். அடுப்புப் புகைக்கரியும் மழைப் பாசியும் சேர்ந்து வெளிக் கண்ணாடியில் ஒரு கம்பளியே நெய்து வைத்திருக்கும். அதைத் துடைக்க வேண்டுமானால் நடுக் கதவைத் திறந்து வெளியே போய், ஒரு சாண் அகலக் கட்டை மேல் நின்று, சுவரோடு சுவராகப் பல்லி போல நகர வேண்டும்.

ஏன் துடைக்க வேண்டும் என்று கேட்கிறீர்களா? எதிர் மலையில் வெள்ளைக்காரத் துரையின் பங்களா இருந்தது. காலையில் அவர் வராந்தாவில் தேநீர் குடிக்கும்போது ஸ்டோர் ஜன்னல்கள் வெயிலில் மின்ன வேண்டும். மின்னாத அன்றைக்குத் துரைக்கு வயிறு சரியிருக்காது என்று பங்களா ஆட்கள் சொல்வார்கள். ஒரு மனிதனின் வயிற்றுக்காக இன்னொரு மனிதன் நாலாவது மாடிக்கு வெளியே நிற்பதுதான் அந்தக் காலத்துத் தோட்ட நிர்வாகம். நிற்பதற்கு ஒல்லியான ஆள் வேண்டும். நான் ஒல்லி. என் தகுதி அவ்வளவுதான்.

எங்கள் ஐயாவுக்கு முன்பிருந்த டீ மேக்கர், ஆளை ஜன்னலுக்கு வெளியே அனுப்பிவிட்டுத் தன் ஆபீசில் போய் உட்கார்ந்துகொள்வார். இவர் வந்து சேர்ந்தாரோ இல்லையோ, ஜன்னல் வேலை ஒரு கல்யாணச் சடங்கு போல ஆகிவிட்டது.

முதலில் விசாரணை. "காலையில சாப்பிட்டியா? ராத்திரி தண்ணி போட்டியா? தும்மல் இருக்கா? வீட்டுல சண்டையா?" வீட்டில் சண்டை என்றால் அன்றைக்கு ஜன்னல் கிடையாது. கோபத்தில் இருப்பவனுக்குக் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாதாம். இது தெரிந்ததும் ஜன்னல் நாளன்று எங்கள் ஷிப்டில் உள்ள அத்தனை பேர் வீட்டிலும் சண்டை நடக்கத் தொடங்கியது. கல்யாணமே ஆகாத ஒருவன், வரப்போகிற பெண்டாட்டியோடு சண்டை என்று சொன்னான். ஐயா விடுவாரா? லயத்து வீடுகளுக்கு ஆள் அனுப்பி, கொழுந்து பறிக்க மலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பெண்களையே ஸ்டோர் வாசலுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

"உன் புருசன் உன்னோட சண்டைங்கிறான். நெசமா?" என்று என் மனைவியைக் கேட்டார்.

"சண்டையா? நேத்து ராத்திரி எங்கிட்ட மூணு தடவ சோறு வாங்கித் தின்னாருங்களே ஐயா!" என்று என் மானத்தை வாங்கினாள் அவள். அன்றைக்கு உண்மையிலேயே சண்டை வந்தது. ஆனால் அதற்குள் நான் ஜன்னலைத் துடைத்து முடித்திருந்தேன்.

விசாரணை முடிந்தால் சோதனை. செருப்பைக் கழற்று. வெற்றிலைப் பையை எடு. வாளியை உன் கையில் வைக்காதே, தனிக் கயிற்றில் தொங்கவிடு. துடைக்கிற துணியை மணிக்கட்டில் கட்டு. "துணி கைநழுவிப் போனா பாத்துக்கிட்டே நில்லு. புடிக்கப் போனியோ, நீயும் துணிதான்" என்பார். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வேலை இல்லை. காற்று அடித்தால் இல்லை. எங்கள் பக்கம் மழை ஓய்ந்து, காற்றும் அடங்கிய நாள் வருடத்தில் எத்தனை வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில்தான் கயிறு. என் இடுப்பிலும் தொடையிலும் தோளிலும் சுற்றி முடிச்சுப் போடுவார். முடிச்சை இழுத்துப் பார்ப்பார். பிறகு என்னையே இழுத்துப் பார்க்கச் சொல்வார். கயிறு மாடிக்கு நடுவே நின்ற இரும்புத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி வரும். மிச்சக் கயிற்றைத் தன் சொந்த வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொள்வார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வயிறு. கட்டுவதற்குத் தாராளமாக இடம் இருந்தது.

துரை ஒருநாள் சுற்றிப் பார்க்க வந்தவர் இந்தக் கோலத்தைக் கண்டு அசந்துபோனார். வெளியே நான், உள்ளே ஐயா, நடுவில் கயிறு.

"என்னா மேன் இது? தூணிலே கட்டு, போதும்!" என்று தன் தமிழில் அதட்டினார்.

ஐயாவின் கால் நடுங்கியது. கயிறு வழியாக அந்த நடுக்கம் எனக்கே வந்து சேர்ந்தது. ஆனாலும் பதில் சொன்னார்: "தூணுக்குப் பயம் கெடையாதுங்க தொரை. அது பாட்டுக்கு நிக்கும். இவன் என்ன பண்றான்னு பாக்காது."

துரை அவரை மேலும் கீழும் பார்த்தார். கோழை என்று இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். ஐயா அந்த வார்த்தையைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அவர் கயிற்றைப் பொறுப்பதை விட அவர் வாயைப் பொறுப்பதுதான் கஷ்டம். நான் வெளியே நிற்கும் நேரமெல்லாம் உள்ளிருந்து பேசிக்கொண்டே இருப்பார்.

"கால் எங்க இருக்கு? சொல்லு."

"கட்டை மேலதாங்க ஐயா."

"எந்தக் காலு?"

"ரெண்டுந்தாங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

எனக்கு இயல்பாகப் பயம் கிடையாது. இவர் கேட்கிற கேள்வியில்தான் வியர்க்கும். "ஐயா, நீங்க பேசாம இருந்தாலே நான் விழ மாட்டேன்" என்று கத்தியிருக்கிறேன். ஸ்டோர் பெண்கள் அவருக்குத் தொப்பைக் கயிறு என்று பெயர் வைத்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும்தான் சிரித்தேன்.

ஒரு தை மாதம், வெயிலில் காய்ந்துவிட்டதாக நம்பிக் கால் வைத்த கட்டையில் பாசி வழுக்கியது. என் இரண்டு காலும் காற்றில். மற்றவர்களாக இருந்தால் கயிற்றை இழுத்திருப்பார்கள், ஓடி வந்து எட்டிப் பார்த்திருப்பார்கள். இவர் ஒன்றும் செய்யவில்லை. "ஏசுவே, முருகா, சாதுங்கோ" என்று மூன்று மதத்தையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுக்கொண்டு அப்படியே தரையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். பயத்தில் கால் மடங்கியதுதான் காரணம். ஆனால் அவர் உட்கார்ந்த வேகத்தில் கயிறு தூணில் இறுகி, நான் ஒரு முழம் கூட இறங்காமல் ஜன்னலருகே தொங்கினேன். மற்றவர்கள் ஓடி வந்து என்னை உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

"ஐயா, எந்திரிங்க. நான் வந்துட்டேன்."

கண்ணைத் திறக்கவில்லை மனிதர். "வந்துட்டியா? நல்லாப் பாத்துச் சொல்லு" என்றார்.

தோட்டமே இதைச் சொல்லி ஒரு மாதம் சிரித்தது. என் மனைவி மட்டும் அதன் பிறகு தொப்பைக் கயிறு என்று சொல்வதை நிறுத்திவிட்டாள்.

பிறகு தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. வெள்ளைத் துரை கப்பலேறிப் போனார். அவர் இடத்துக்கு ஆட்சியில் இருந்தவர்களின் சிபாரிசில் ஒரு மெனேஜர் வந்தார். சிங்களவர், இளம் வயது, மீசையை முறுக்கிவிட்டிருப்பார். தைரியசாலி என்று தானே சொல்லிக்கொள்வார். அந்தத் தைரியத்தை எல்லாம் அவர் தரையில் நின்றுகொண்டே காட்டுவார். அவர் ஸ்டோரின் மேல்மாடிக்கு ஏறி நான் பார்த்ததில்லை.

ஒருநாள் பிரட்டுக்களத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், கொழும்பிலிருந்து தோட்டக் கூட்டுத்தாபனச் சேர்மன் வரப்போவதாக அறிவித்தார். வருவதோ நாளை மறுநாள். ஸ்டோரின் எல்லா ஜன்னலும் மின்ன வேண்டும்.

ஐயா நெளிந்தார். "சேர், கயிறு ஒண்ணு. நானும் ஒருத்தன். ஒரு நேரத்துல ஒரு ஆளத்தான் வெளிய விட முடியும். ரெண்டு வாரமாவது வேணும் சேர்."

"கயிறு எப்பா!" என்று கையை வீசினார் மெனேஜர். கயிறே வேண்டாமாம். "ஒரு ஜன்னலுக்கு ஒரு ஆள். எல்லாம் ஒரே நாள். முடியாட்டி சொல்லு, வேற டீ மேக்கர் இருக்கு."

முதல் நாள்தான் மழை கொட்டியிருந்தது. கட்டையெல்லாம் பாசி. ஐயா மறுத்துப் பேசுவார் என்று எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். அவரோ, "சரிங்க சேர்" என்றார். மேலே உள்ளவர்களுக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு அத்தனை பயம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. என் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

மாடிக்கு ஏறியதும் கதவைச் சாத்தினார். முகமெல்லாம் வியர்வை. "யாரும் வெளிய போகக் கூடாது. போனீங்கன்னா நான் இங்கயே செத்துருவேன்" என்றார்.

"அப்ப கண்ணாடி?"

"கண்ணாடிய உள்ள எடுங்கடா."

விஷயம் இதுதான். கண்ணாடிகளைச் சட்டத்தோடு பிடித்து நின்ற மெல்லிய மரக் கட்டைகள் எல்லாம் உள்பக்கமாக ஆணி அடிக்கப்பட்டவை. அவற்றைக் கழற்றினால் கண்ணாடி கையோடு வந்துவிடும். வெள்ளைத் துரையாக இருந்தால் அதைத் தொட விட்டிருக்க மாட்டார். இப்போது யார் பார்ப்பது? அன்று பூராவும் கழற்றினோம். கழற்றியதை எல்லாம் கீழே தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தோம். கல்யாண வீட்டுப் பாத்திரம் கழுவுகிற மாதிரி ஆணும் பெண்ணும் சிரித்துப் பேசிக்கொண்டு கழுவினோம். ஒருவரும் தரையை விட்டு ஓரடி உயரம் ஏறவில்லை. கண்ணாடிகள் வைரம் போல இருந்தன. ஐயா குடை பிடித்துக்கொண்டு நடுவில் நின்று, விரலை அறுத்துக்கொள்ளாதீர்கள் என்று கத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் திரும்ப மாட்டப் போனபோதுதான் கோளாறு தெரிந்தது. அந்த ஜன்னல்கள் எங்களை விட வயதானவை. எங்கள் ஊர் மழையில் ஊறி ஊறி ஒவ்வொரு சட்டமும் தன் இஷ்டத்துக்குக் கோணியிருந்தது. அதற்கேற்ப அந்தந்தக் கண்ணாடியைத் தேய்த்து வைத்திருந்தார்கள். நாங்களோ எல்லாவற்றையும் ஒன்றாகக் கழுவி ஒன்றாக அடுக்கியிருந்தோம். இந்தக் கண்ணாடி அந்தச் சட்டத்துக்கு ஒரு விரல் அகலம் கூடுதல். அந்தக் கண்ணாடி இந்தச் சட்டத்துக்குள் விழுந்து போகிறது. ஆள் விழுவதைப் பற்றியே பயந்துகொண்டிருந்தவருக்குக் கண்ணாடி கலந்து போவதைப் பற்றிப் பயப்பட நேரம் கிடைக்கவில்லை. சாயந்தரம் வரை முட்டி மோதியும் ஒரு ஜன்னல் கூட நிறையவில்லை. சேர்மன் வந்தபோது ஸ்டோரில் சட்டங்கள் இருந்தன, கதவுகள் சாத்தியிருந்தன, கண்ணாடிதான் இல்லை.

வெள்ளை வெளேரென்ற கோட்டு சூட்டில் காரை விட்டு இறங்கினார் சேர்மன். அண்ணாந்து பார்த்தார். "ஷா! வீதுரு ஹரிம பிரிசிதுய்!" என்றார். கண்ணாடி என்ன சுத்தம் என்று வியக்கிறார்!

"என்னுடைய ஏற்பாடுதான் சேர்" என்று மெனேஜர் சிங்களத்தில் குழைந்தார். எங்கள் ஐயா தன் சிலுவை, திருநீறு, நூல் மூன்றையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டிருந்தார்.

சேர்மன் மாடிக்கும் ஏறினார். வேறு வழியில்லாமல் மெனேஜரும் ஏறினார், கடைசி ஆளாக, சுவரைப் பிடித்துக்கொண்டு. மேலே ஜிலுஜிலுவென்று காற்று. "அடடா, காற்றோட்டம்!" என்று அதற்கும் ஒரு பாராட்டு. அப்போதுதான் மலைக்கு அந்தப் பக்கமிருந்து மழை வந்தது. எங்கள் சப்ரகமுவ மழை கதவைத் தட்டிக்கொண்டு வராது. காற்றோடு சேர்ந்து சாய்வாக உள்ளே பாய்ந்து கொழுந்தை நனைத்தது, தரையை நனைத்தது, வெள்ளை சூட்டை நனைத்தது.

"ஜனேல வஹபங்!" என்று கத்தினார் சேர்மன். ஜன்னலை மூடச் சொல்கிறார்.

ஒருவரும் அசையவில்லை. ஐயா கைகட்டி முன்னே வந்தார். மரியாதை குறையாமல் சொன்னார்: "வஹலா தமய் சேர்."

மூடித்தான் இருக்கிறது சேர்.

சேர்மன் கையை நீட்டினார். கை ஜன்னல் வழியாக மழைக்குள் போயிற்று. திரும்பி மெனேஜரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் மெனேஜரின் மீசை இறங்கியதை நாங்கள் வாழ்நாள் பூராவும் சொல்லிச் சிரிப்போம்.

ஆனால் பலனை அனுபவித்தவர் ஐயாதான். மறுநாளே தண்டனை மாற்றம். ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஸ்டோர். மாடியே கிடையாது. தரையோடு தரையாகக் கிடக்கும் கட்டடம். அந்த மனிதருக்கு இதைவிடப் பெரிய பரிசு வேறில்லை. ஆனாலும் லாரியில் சாமான் ஏற்றும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சட்டம் ஊறிக் கெடக்கும்டா. சாஞ்சு நிக்காதீங்க" என்றுதான் எங்களிடம் விடை பெற்றார்.

தச்சர் ஒருவரை அழைத்துக் கண்ணாடிகளை ஒரு வழியாக மாட்டினார்கள். புது டீ மேக்கரும் வந்தார். மெனேஜர் தேடிப் பிடித்த ஆள், அவரைப் போலவே தைரியசாலி. வந்த அன்றே கயிற்றைச் சாக்குக் கட்ட வெட்டிக் கொடுத்துவிட்டார். "பயந்தாத்தான் விழுவாங்க" என்பது அவர் கட்சி. எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கீழே ரோட்டில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பயப்படாத! பயப்படாத!" என்று கத்துவார். அவருக்குக் கொஞ்சம் கூடப் பயமில்லை. மேலே நிற்பது நாங்கள்தானே.

நான் விழுந்தேன். சுற்றி வளைத்துச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. பாசி, கால், பிறகு தேயிலைச் சரிவு. செடிகள் தாங்கியதால் உயிர் மிஞ்சியது. இடுப்பெலும்பு மிஞ்சவில்லை. கேகாலை ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தேன். நான் கீழே பார்த்ததால்தான் விழுந்தேன் என்று தைரியசாலி சொல்லி அனுப்பினார்.

எங்கள் ஐயா ருவான்வெல்லையிலிருந்து பார்க்க வந்தார். ஆஸ்பத்திரிக்கும் அவருக்குப் பயம். வார்டு வாசலிலேயே மூக்கில் கைக்குட்டையோடு வெகு நேரம் நின்றுவிட்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு நேராக என் கட்டிலுக்கு வந்தார். கூடவே அவர் மனைவி.

"கயித்த யாருடா புடிச்சது?" என்று கேட்டார்.

"கயிறே இல்லீங்க ஐயா."

பேசியது அந்த அம்மாதான். "ஜன்னல் நாளன்னிக்கு வீட்டுக்கு வந்தா இவரு வயித்தப் பாக்க முடியாதுப்பா. கயிறு இறுக்குன தடம் செவந்து கெடக்கும். எண்ண தடவி விடுவேன். ஒரு வாய் சாப்பிட மாட்டாரு" என்றார். அத்தனை வருடம் அந்த மனிதரை நாங்கள் கேலி செய்தோம். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. பிடித்துக்கொண்டேன், அழுதேன்.

நான் ஊன்றுகோலோடு லயத்துக்குத் திரும்பியபோது இன்னொரு செய்தி காத்திருந்தது. ஜன்னல் வேலைக்கு அடுத்த ஆளாக என் தம்பியைப் பிரித்திருந்தார்கள். அவனும் ஒல்லி. அம்மா இல்லாத வீட்டில் நான் தூக்கி வளர்த்தவன்.

தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அடுத்த ஜன்னல் நாளன்று ஸ்டோர் ஆட்கள் அத்தனை பேரும் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். கொழுந்து மூட்டை மூட்டையாகச் சூடேறிக் கறுத்தது. மெனேஜர் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். சம்பளம் கூட்டிக் கேட்பார்கள் என்று நினைத்திருப்பார் போல, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேணும்?"

"எங்களுக்கு ஒரு டீ மேக்கர் வேணுங்க சேர்" என்றார் தலைவர்.

"இருக்குதானே? நல்ல தைரியமான ஆள்!"

"அதாங்க சேர் வேணாங்கிறோம். பயப்படுற ஆளா ஒருத்தர் குடுங்க. பழைய ஐயாவே வந்தா நல்லது."

மெனேஜர் சிரித்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. கொழுந்து இன்னும் இரண்டு நாள் கறுத்தது. பிறகு ருவான்வெல்லைக்குத் தந்தி போனது.

ஐயா வரப் பயந்தார். வந்தும் சேர்ந்தார். அவர் வந்த கொஞ்ச நாளில் தேர்தல் நடந்து ஆட்சி மாறியது. அதைத் தொடர்ந்து தமிழர்களுக்கு எதிராக வந்த கலவரத்தில் லயத்து ஆட்கள் எல்லோரும் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு தேயிலைக்குள் படுத்துக் கிடந்தோம். திரும்பி வந்தபோது, பயந்தாங்கொள்ளி என்று யாரையும் சொல்லிச் சிரிக்கத் தோட்டத்தில் ஆளில்லை.

மெனேஜர் மட்டும் பழையபடி மிரட்டிக்கொண்டிருந்தார். ஆனால் மீசையை முறுக்குகிற கை அடிக்கடி நடுவழியில் நின்றுவிடும். அவர் பழைய ஆட்சி போட்ட ஆள் அல்லவா? புது ஆட்சியின் பெரிய மனிதர் ஒருவர் தோட்டத்தைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்ததும் ஸ்டோருக்கு ஓடி வந்தார். "எல்லா ஜன்னலும் மின்னணும்! ஆளை வெளிய இறக்கு!" என்றார்.

வரிசையில் முதல் ஆளாக என் தம்பி நின்றான். நான் வாசலில் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மழைக்காலத்துப் பாசியில் கயிறு இருந்தாலும் போதாது என்று எனக்குத் தெரியும்.

ஐயா மெனேஜரின் முகத்தைப் பார்த்தார். பொன் வியாபாரி பொன்னைப் பார்ப்பது போலப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கப் பயந்தவருக்குப் பயத்தைத் தெரியாதா? பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

"கழுவிரலாம் சேர்" என்று பணிவாக ஆரம்பித்தார். "ஆனா ஒரே ஒரு பயம். பழைய ஆட்சியில சேர்மன் வந்தப்பவும் மின்ன வச்சோம். இப்பவும் அதே மாதிரி மின்னிச்சுன்னா, இந்த மெனேஜர் இன்னும் பழைய ஆளுதான்னு யாராவது சொல்லிட்டா?"

மெனேஜரின் கை மீசைக்குப் போகாமலே இறங்கியது. "அப்ப... என்ன செய்யுற?"

"பச்சை அடிச்சிருவோமா சேர்? எல்லாக் கண்ணாடிக்கும். புது ஆட்சியோட கலரு. ரோட்டுலருந்து பாத்தாலே தெரியும். வெளிப் பாசியும் பச்சதானே, அதோட சேந்துக்கும். உள்பக்கமா நின்னே அடிச்சிரலாம்."

மெனேஜர் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் தெளிந்தது. "பிறகு இதைக் கழுவ வேணாமா?" என்று மட்டும் கேட்டார்.

ஐயா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கழுவுறதா? அந்தப் பச்சைய அழிக்கணும்னு ஈரத்துணிய எடுக்கிறவன் யாரு சேர்? எனக்கு அந்தத் தைரியம் இல்ல."

மெனேஜருக்கும் இல்லை. அன்றைக்கே பஜாரிலிருந்து பெயிண்ட் வந்தது. மாடிக்குள் நின்றுகொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, ஆளுக்கொரு பிரஷ்ஷோடு அடித்தார்கள். என் தம்பி கையெல்லாம் பச்சையோடு கீழே இறங்கி வந்தான். பெரிய மனிதர் வந்து, ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்து, மெனேஜரின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

உள்ளே கொஞ்சம் இருட்டாகத்தான் இருந்தது. பல்பு போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். அந்த மாதம் ஜன்னல் வேலைக்கு ஆள் பிரிக்கவில்லை. அடுத்த மாதமும் பிரிக்கவில்லை. என் தம்பி அந்தப் பச்சைக் கண்ணாடிகளுக்கு உள்பக்கமாகவே நின்று வேலை பார்த்து, தலை நரைத்துக் கிழவனானான்.